கேட்ச்-22: விலக்கு கேட்பவருக்கு விலக்கு கிடையாது

வட்டியைக் கூட்டினாலும் கெடுதல், குறைத்தாலும் கெடுதல் என்று ஒரு மத்திய வங்கி தவித்தால் செய்தித்தாளில் ‘கேட்ச்-22 நிலைமை’ என்று வருகிறது. கூட்டணியில் நீடித்தால் அவப்பெயர், விலகினால் தோல்வி என்று ஒரு கட்சி திணறினால் அதற்கும் அதே பெயர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி விழும் எல்லா இக்கட்டுக்கும் இந்த ஒரே சீட்டை ஒட்டுவது ஆங்கில ஏடுகளின் வழக்கம். அங்கிருந்து தமிழுக்கும் அது வந்துவிட்டது.

ஆனால் இந்தத் தொடர் ஒரு நாவலில் பிறந்தபோது அதற்கு மிகக் கூர்மையான ஒரு பொருள் இருந்தது. மேலே சொன்ன இரண்டு நிலைமைகளும் அந்தப் பொருளுக்குள் அடங்கா. வங்கிக்கும் கட்சிக்கும் இருப்பது கடினமான தேர்வு. கேட்ச்-22 என்பது ஒரு விதியின் அமைப்பு. கடினமான தேர்வில் நட்டத்தைக் கணக்கிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கேட்ச்-22இல் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இராது. விதியில் கைவைத்தால்தான் வெளியே வர முடியும். இந்த வேறுபாடு தெரியாவிட்டால், விதியைத் திருத்தக் கேட்க வேண்டிய இடத்தில் விதியை நொந்துகொண்டு நிற்போம்.

‘கேட்ச்’ என்ற சொல்

‘கேட்ச்’ என்றால் பிடி. ஆங்கிலப் பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: நல்லதாகத் தோன்றும் ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும் பாதகம். ஒரு பொருளை இலவசமாகத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ‘இதுல என்ன உள்குத்து இருக்கோ’ என்று நமக்குத் தோன்றுமே, அந்த உள்குத்துதான் ‘கேட்ச்’. இந்தப் பொருள் நாவலுக்கு முன்பே வழக்கில் இருந்தது.

கூடவே வரும் எண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. 22 என்றதும், இதற்கு முன் இன்னும் 21 உள்குத்துகள் எங்கோ ஒரு கோப்பில் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன என்ற எண்ணம் வருகிறது. பிரிவு, உட்பிரிவு, அரசாணை எண் என்று அலுவலகம் பேசும் தோரணை அது. ஏமாற்று வேலைக்குச் சட்டத்தின் உடையை மாட்டிவிடுகிறது அந்த எண்.

மூல விதி எப்படி இயங்குகிறது

தொடரின் பிறப்பிடம் அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹெல்லர் எழுதி 1961இல் வெளியான ‘கேட்ச்-22’ நாவல். இரண்டாம் உலகப் போர்க் காலம். இத்தாலியின் பியனோசா தீவில் ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானப் பிரிவு. யொசேரியன் என்பவர் விமானத்திலிருந்து குண்டைக் குறிபார்த்து விடுவிப்பவர். சாக விருப்பமில்லை, இனிப் பறக்க முடியாது என்று படை மருத்துவர் டனீகாவிடம் போய் நிற்கிறார். ‘ஓர்’ என்ற பெயருடைய சக விமானியைப் பற்றியும் பேச்சு வருகிறது. அவர் பலமுறை சாவின் விளிம்பைத் தொட்டவர், ஆனாலும் பறந்துகொண்டே இருக்கிறார். அங்கேதான் மருத்துவர் விதியை விளக்குகிறார். அதைப் பிரித்து அடுக்கினால் இப்படி இருக்கும்:

1. மனநிலை சரியில்லாதவரைப் பறக்க விடக் கூடாது. மருத்துவர் அவரைத் தரையில் நிறுத்தியே ஆக வேண்டும்.
2. ஆனால் மருத்துவர் தாமாக நிறுத்த முடியாது. சம்பந்தப்பட்டவர் வந்து கேட்க வேண்டும்.
3. உடனடியான, உண்மையான ஆபத்தைக் கண்டு தன் உயிரைக் காக்க நினைப்பது தெளிந்த மனத்தின் வேலை.
4. எனவே விலக்கு கேட்டு வருபவர் தெளிந்த மனத்தவர். அவர் பறக்க வேண்டும்.
5. கேட்காதவர் மனநிலை சரியில்லாதவர்தான். ஆனால் அவர் கேட்கவில்லை. அவரும் பறக்க வேண்டும்.

பள்ளிக் கணக்கின் மொழியில் சொன்னால், விலக்கு பெறத் தகுதியுள்ளவர்களின் கணம் ஒரு வெற்றுக் கணம். ‘மனநிலை சரியில்லாதவர்’ என்ற கணமும் ‘விலக்கு கேட்பவர்’ என்ற கணமும் எங்கும் வெட்டிக்கொள்ளாதபடி மூன்றாவது வரி வரையறுத்துவிட்டது. ஆயிரம் பேர் இருந்தாலும் இலட்சம் பேர் இருந்தாலும் விலக்கு பெறுபவர் எண்ணிக்கை பூச்சியம்.

எந்த வரியும் தனியாகப் பார்த்தால் அநியாயமாகத் தெரிவதில்லை. மனநலம் குன்றியவரைப் பறக்கவிடாதது நியாயம். விண்ணப்பம் வேண்டும் என்பது நடைமுறை. ஆபத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பு என்பது பொது அறிவு. கோளாறு இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது: விண்ணப்பிக்கும் செயலே தகுதியின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கேட்ச்-22இன் உயிர் இந்த ஒரு வாக்கியத்தில் உள்ளது.

யாருக்குமே கிடைக்காத விலக்கை எதற்காக எழுதி வைக்க வேண்டும்? ‘விலக்கே கிடையாது’ என்று எழுதியிருந்தால் அது வெளிப்படையான கொடுமை, எதிர்த்துப் பேசலாம். விலக்கு ஏட்டில் இருந்தால் நிர்வாகம் மனிதாபிமானத்தோடு நடப்பதாகக் காட்டிக்கொள்ளலாம். பழி, சரியாக விண்ணப்பிக்கத் தெரியாதவர் தலையில் விழும். ஒரு திட்டத்தில் விண்ணப்பித்தவர் எத்தனை, பயன்பெற்றவர் எத்தனை என்று பார்க்கும்போது இரண்டாவது எண் நிலையாகப் பூச்சியத்தை ஒட்டியே இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது விதியின் இந்த அமைப்பைத்தான்.

ஹெல்லருக்கு இது எங்கிருந்து கிடைத்தது

ஹெல்லர் 1923இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் பிறந்தவர். 1944இல் கோர்சிகா தீவில் நின்ற அமெரிக்க பி-25 குண்டுவீச்சு விமானப் பிரிவில், யொசேரியன் செய்யும் அதே வேலையைச் செய்தார். விமான மூக்கின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து குறிபார்ப்பவர் அவர். கீழிருந்து வரும் பீரங்கிக் குண்டுகள் வெடிப்பதைக் கண்ணெதிரே காண்பார். 60 தாக்குதல் பறப்புகளை முடித்துவிட்டு வீடு திரும்பினார்.

இத்தனை பறப்பு முடித்தால் வீடு திரும்பலாம் என்ற வரம்பு அந்தப் போரில் உண்மையிலேயே இருந்தது. அது ஓர் இடத்தில் நிற்கவும் இல்லை. இங்கிலாந்திலிருந்து இயங்கிய அமெரிக்க எட்டாவது விமானப்படையில் முதலில் 25 ஆக இருந்த வரம்பு, 1944இல் 30 ஆகவும் பிறகு 35 ஆகவும் உயர்ந்தது. இருபதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்த ஒருவனுக்கு அந்த அறிவிப்பு என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நாவலில் கர்னல் கேத்கார்ட், வீரர்கள் எல்லையை நெருங்கும்போதெல்லாம் எல்லையைத் தள்ளி வைக்கிறார். அதன் வேர் இங்கே இருக்கிறது. ‘கேட்ச்-22’ என்ற பெயரில் அமெரிக்கப் படையில் ஒரு விதி இருந்ததில்லை. பெயரும் வாசகமும் ஹெல்லரின் கற்பனை. நகரும் எல்லை மட்டும் கற்பனை அல்ல.

22 ஆவதற்கு முன் 18

1953 வாக்கில் விளம்பரத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஹெல்லர் நாவலை எழுதத் தொடங்கினார். முதல் அத்தியாயம் 1955இல் ‘நியூ வேர்ல்ட் ரைட்டிங்’ தொகுப்பில் வெளிவந்தது. அப்போது அதன் தலைப்பு ‘கேட்ச்-18’. நூல் 1961இல் அச்சுக்குப் போகவிருந்த வேளையில், லியோன் யூரிஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளரின் ‘மிலா 18’ நாவல் வரப்போவது தெரிந்தது. ஒரே ஆண்டில், தலைப்பில் 18 உள்ள இரண்டு போர் நாவல்கள். யூரிஸின் எண்ணை மாற்ற முடியாது. அது வார்சாவின் யூதக் குடியிருப்பில், எதிர்ப்புப் போராளிகள் பதுங்கியிருந்த உண்மையான முகவரி. ஆகவே அறிமுக எழுத்தாளரான ஹெல்லர்தான் விலக வேண்டியிருந்தது.

அவரும் பதிப்பாசிரியர் ராபர்ட் காட்லீபும் வேறு எண் தேடினார்கள். 11 பேசப்பட்டது. ‘ஓஷன்ஸ் 11’ திரைப்படம் 1960இல்தான் வந்திருந்தது என்பதால் கைவிடப்பட்டது. 14இல் சுவை இல்லை என்று விட்டார்கள். கடைசியில் 22 நின்றது. ஒரே இலக்கம் இரண்டு முறை வருவது, காட்சிகளும் பேச்சுகளும் திரும்பத் திரும்ப வரும் அந்த நாவலுக்குப் பொருத்தம் என்பது அவர்கள் எண்ணம். ஒரு பதிப்புத் துறைத் தற்செயல் இல்லாவிட்டால் இன்று உலகம் ‘கேட்ச்-18’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் முதல் கெட்டி அட்டைப் பதிப்பு பெரிய அலையை எழுப்பவில்லை. 1962இன் மலிவுப் பதிப்புதான் நாவலை இளைஞர்களிடம் கொண்டுபோனது. அதே பத்தாண்டில் வியட்நாம் போர் முற்றியது. கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்கொண்ட தலைமுறைக்கு, தாங்கள் பட்ட அவதிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. 1970இல் மைக் நிக்கல்ஸ் இயக்கத்தில் திரைப்படமும் வந்தது. அதன்பின் நாவலைப் படிக்காதவர்களும் தொடரைப் பேசத் தொடங்கினார்கள். அகராதிகள் அதைப் பொதுச்சொல்லாக ஏற்றன. படிக்காதவர் வாயில் புழங்கத் தொடங்கியதும் கூர்மை மழுங்கியது.

நாவலிலேயே மூன்று முகங்கள்

மேலே கண்டது முதல் முகம். அதைத் தாண்டி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம், ஏனென்றால் மற்ற இரண்டும்தான் அன்றாட வாழ்வில் கூடுதலாக எதிர்ப்படுகின்றன.

இரண்டாம் முகம்: மேலிடத்து விதிப்படி 40 பறப்பு போதும். யொசேரியன் அதைக் கடந்துவிட்டார். ஆனால் தன் தளபதியின் சொல்லுக்கு எப்போதும் பணிய வேண்டும் என்கிறது கேட்ச்-22. தளபதி இன்னும் பறக்கச் சொல்கிறார். அந்த ஆணை மேலிடத்து விதியை மீறினாலும், ஆணைக்குப் பணியாதவன்தான் குற்றவாளி. உரிமை ஒரு பக்கத்தில். அந்த உரிமையைப் பயன்படுத்துவதைத் தண்டிக்கும் கடமை அடுத்த பக்கத்தில்.

மூன்றாம் முகம்தான் மிகவும் கசப்பானது. ரோம் நகரில் ஒரு வீட்டிலிருந்த பெண்களைப் படையினர் தெருவில் விரட்டிவிடுகிறார்கள். காரணம் கேட்ட கிழவியிடம் ‘கேட்ச்-22’ என்று மட்டும் சொல்கிறார்கள். அந்த விதியைக் காட்டச் சொன்னீர்களா என்று யொசேரியன் கேட்கிறார். காட்ட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறதாம். எந்தச் சட்டம்? கேட்ச்-22. அப்படி ஒரு விதியே இல்லை என்பது யொசேரியனுக்கு அங்கே உறுதியாகிறது. இருப்பதாக எல்லோரும் நம்புவதால் அது இல்லாமலிருப்பது இன்னும் மோசம் என்பதும் புரிகிறது. வாசகம் இருந்தால் மறுக்கலாம், திருத்தலாம், கிழித்துப் போடலாம். இல்லாத வாசகத்தை என்ன செய்வது?

எது கேட்ச்-22, எது இல்லை

ஆங்கிலத்தில் இக்கட்டைக் குறிக்கும் தொடர்கள் ஒரு பெரிய குடும்பம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பொருள் மாறிவிடும்.

1. பாறைக்கும் கடினமான இடத்துக்கும் நடுவே: இரண்டு கெடுதல்களுக்கு இடையில் சிக்குவது. 1921இல் அமெரிக்க வட்டார வழக்குகளைத் தொகுத்த ஓர் இதழ் இதை அரிசோனா வழக்காகப் பதிந்தபோது, தந்த பொருள் ‘திவாலாவது’. நம் ‘இருதலைக் கொள்ளி எறும்பு’ இதற்கு இணை. இருமுனையும் எரியும் கட்டையின் நடுவில் தவிக்கும் எறும்பை அகநானூற்றின் 339ஆம் பாடலிலேயே காணலாம். மத்திய வங்கியின் தவிப்பு இந்த வகை.

2. ஹாப்சன் தேர்வு: தேர்வு இருப்பதுபோல் தோற்றம், உள்ளது ஒன்றே. 1631இல் இறந்த தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டவர். வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையை எடு, இல்லாவிட்டால் நடந்து போ என்பது அவர் முறை. நல்ல குதிரைகளையே எல்லோரும் கேட்டு ஓட்டிக் களைப்பாக்காமல் முறைவைத்து அனுப்ப அவர் கண்ட வழி அது. இதில் வஞ்சகம் இல்லை.

3. மார்ட்டன் கவை: எதிரெதிரான இரண்டு சான்றுகளும் ஒரே தீர்ப்புக்கு வருவது. இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் அமைச்சரும் கேன்டர்பரி பேராயருமான ஜான் மார்ட்டன் பெயரால் வழங்கும் வாதம்: ஆடம்பரமாக வாழ்பவனிடம் பணம் இருக்கிறது, வரி கொடு, சிக்கனமாக வாழ்பவன் சேர்த்து வைத்திருப்பான், நீயும் கொடு. கேட்ச்-22க்கு மிக நெருங்கிய உறவு இது. அங்கே கேட்டவனும் பறக்கிறான், கேளாதவனும் பறக்கிறான். ஆனால் மார்ட்டன் யாருக்கும் விலக்கு தருவதாகச் சொல்லவில்லை. வாசல் உண்டு என்று சொல்லிவிட்டு அடைப்பது கேட்ச்-22 மட்டுமே.

4. நச்சுச் சுழல்: ஒவ்வொரு சுற்றிலும் நிலைமை மோசமாவது. கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்குவது போல. கேட்ச்-22 சுழல்வதில்லை, முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது.

5. ஒன்றையொன்று காத்திருத்தல்: அ-வுக்கு ஆ வேண்டும், ஆ-வுக்கு அ வேண்டும். வேலைக்கு அனுபவம் வேண்டும், அனுபவத்துக்கு வேலை வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. இதைக் கேட்ச்-22 என்று அகராதிகளும் ஏற்கின்றன. நானும் ஏற்கிறேன். தமிழில் இதற்கு அச்சு அசலான சொலவடை உண்டு: ‘பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.’ ஹெல்லரின் விதியைப் போலவே இதிலும் பைத்தியத்தைச் சுற்றியே கதவு சாத்தப்படுகிறது.

தமிழில் எழுதுபவர் ஐந்தாவது வகைக்கு அந்தச் சொலவடையையும், முதல் வகைக்கு இருதலைக் கொள்ளியையும் தயங்காமல் எடுத்தாளலாம். விலக்கு ஏட்டில் இருந்து, அதைக் கோருவதே அதை இழக்கச் செய்யும் இடத்துக்குத்தான் ‘கேட்ச்-22’ என்ற பெயர் தேவைப்படுகிறது.

உண்மையான ஒரு முடிச்சு: கஞ்சாவும் முதல் பட்டியலும்

அமெரிக்கா 1970இல் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தை இயற்றியது. போதைப்பொருள்களை ஐந்து பட்டியல்களாகப் பிரித்தார்கள். கஞ்சா முதல் பட்டியலில் சேர்ந்தது. அங்கே இருப்பவற்றுக்குத் தவறான பயன்பாட்டுக்கு வாய்ப்பு அதிகம், நாட்டில் ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் இல்லை, மருத்துவக் கண்காணிப்பிலும் பாதுகாப்பு உறுதியில்லை என்று பொருள்.

பட்டியலிலிருந்து இறக்க வேண்டுமானால் மருத்துவப் பயனைக் காட்ட வேண்டும். போதைப்பொருள் அமலாக்க முகமை 1990களிலிருந்து கையாண்ட ஐந்து அம்ச அளவுகோல் இதைத்தான் கேட்டது: வேதிக்கூறு தெரிந்து, மறுபடி அப்படியே உருவாக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பாதுகாப்பு ஆய்வுகள் போதுமானவையாக இருக்க வேண்டும், நன்கு வடிவமைத்த சோதனைகள் பலனை நிறுவியிருக்க வேண்டும், வல்லுநர்கள் ஏற்றிருக்க வேண்டும், சான்றுகள் பரவலாகக் கிடைக்க வேண்டும்.

பெரிய சோதனை நடத்த ஆய்வாளருக்கு நிறையக் கஞ்சா வேண்டும். அது முதல் பட்டியலில் இருப்பதால் தனி உரிமம், தனிப் பாதுகாப்புப் பெட்டகம், அடுக்கடுக்கான அனுமதிகள். 1968 முதல் 2021 வரை, ஆய்வுக்கெனக் கூட்டாட்சி அனுமதியுடன் கஞ்சா பயிரிட்ட இடம் மிசிசிப்பி பல்கலைக்கழகம் ஒன்றே. ஆக, முதல் பட்டியலில் இருந்ததால் ஆய்வு கடினமாக இருந்தது; ஆய்வு இல்லாததால் முதல் பட்டியலிலேயே இருந்தது.

முடிச்சு அவிழத் தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. 2021இல் வேறு பயிரிடுவோருக்கும் அனுமதி கிடைத்தது; அது ஒரு இழை. பெரிய மாற்றம் 2023இல் வந்தது. சுகாதாரத் துறை ஐந்து அம்ச அளவுகோலையே ஓரம் வைத்துவிட்டு வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டது. உரிமம் பெற்ற மருத்துவர்கள் மாநிலச் சட்டங்களின்படி இதைப் பரவலாகப் பரிந்துரைக்கிறார்களா? ஏதேனும் ஒரு நோய்க்கேனும் நம்பத்தக்க அறிவியல் ஆதரவு உண்டா? 30,000க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் பரிந்துரைக்க அதிகாரம் பெற்றிருந்தார்கள். மூன்றாம் பட்டியலுக்கு மாற்றலாம் என்று துறை பரிந்துரைத்தது. 2024 மே மாதம் அதற்கான வரைவு விதி வெளியானது. கஞ்சா நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விதிக்குள்ளிருந்து கூடுதல் சான்று கொண்டுவந்து வெளியே வந்தவர் இல்லை. சான்று எது என்ற வரையறையை மாற்றியபோதுதான் கதவு அசைந்தது.

கண்ணுக்குத் தெரியாத விதி: ஒரு வழக்கு

நாவலின் ரோம் கிழவிக்கு மிக அருகில் வருவது 2013 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ‘கிளாப்பர் எதிர் அம்னெஸ்டி இன்டர்நேஷனல்’ வழக்கு. வெளிநாட்டவரின் தகவல் தொடர்புகளை அரசு ஒட்டுக்கேட்க 2008இல் வந்த சட்டத் திருத்தத்தை வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள். வழக்குத் தொடுக்க, தமக்குப் பாதிப்பு உண்டு என்று காட்ட வேண்டும். யாரை ஒட்டுக்கேட்கிறார்கள் என்பதோ அரசு இரகசியம். பாதிப்பு வெறும் ஊகம் என்று 5க்கு 4 என்ற கணக்கில் வழக்கு தள்ளுபடியானது.

ஒட்டுக்கேட்டதில் கிடைத்த சான்று குற்ற வழக்கில் பயன்பட்டால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அறிவிப்பு போகும், அவர் எதிர்க்கலாம் என்பது அரசுத் தரப்பு சொன்ன ஆறுதல். தீர்ப்பிலும் அது இடம்பெற்றது. ஆனால் அப்படி ஓர் அறிவிப்பு முதன்முறையாகக் கொடுக்கப்பட்டது தீர்ப்புக்கு எட்டு மாதம் கழித்து, 2013 அக்டோபரில். அதுவரை அந்த வாசலும் ஏட்டில் மட்டுமே இருந்தது.

முடிச்சு எங்கே அவிழும்

கணினித் துறையினர் இதே சிக்கலை ‘டெட்லாக்’ என்ற பெயரில் ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு நிரல்கள் ஒன்று மற்றதன் பிடியிலுள்ள வளத்துக்காகக் காத்து, இரண்டும் உறைந்துவிடும். 1971இல் காஃப்மனும் வேறு இருவரும் எழுதிய கட்டுரை, நான்கு நிபந்தனைகள் ஒருசேரக் கூடினால்தான் இது நேரும் என்று காட்டியது:

1. ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்க முடியும்.
2. கையில் உள்ளதை விடாமல் அடுத்ததற்குக் காத்திருப்பார்கள்.
3. வைத்திருப்பவரிடமிருந்து பிடுங்க முடியாது.
4. காத்திருப்பு ஒரு வட்டமாகக் கூடுகிறது.

நான்கில் எந்த ஒன்றை உடைத்தாலும் போதும், உறைவு தீரும். அலுவலக விதிகளின் முடிச்சுக்கும் இது பொருந்தும். நடைமுறையில் பயன்பட்ட வழிகள் மூன்று.

வெளியிலிருந்து முதல் தள்ளு. அனல்மின் நிலையம் இயங்க நீரேற்றும் பம்புகளுக்கும் காற்றாடிகளுக்கும் நிலக்கரி அரைக்கும் இயந்திரங்களுக்கும் மின்சாரம் வேண்டும். மின்தொகுப்பு முழுதும் அணைந்துவிட்டால் அதைத் தொடங்கவே மின்சாரம் இராது. பொறியாளர்கள் இதற்கு ‘பிளாக் ஸ்டார்ட்’ முறையை வைத்திருக்கிறார்கள். டீசல் இயந்திரத்தாலோ, குறைந்த மின்சாரத்தில் மதகு திறந்து சுழலக்கூடிய நீர்மின் நிலையத்தாலோ முதல் மின்சாரத்தைப் பெற்று, ஒவ்வொரு நிலையமாக உயிர்ப்பிப்பார்கள். வட்டத்துக்கு வெளியே ஒரு மூலம் இருந்தால் வட்டம் உடைகிறது.

காலவரம்புள்ள நுழைவு. அமெரிக்கத் திரைத்துறையில் சங்கப் படத்தில் நடிக்கச் சங்க அட்டை வேண்டும், அட்டை வாங்கச் சங்கப் படத்தில் நடித்திருக்க வேண்டும் என்பது பழைய புலம்பல். 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் ஒரு சிறு வழியைத் திறந்தது. சங்கத்தில் இல்லாதவரைத் தயாரிப்பாளர் வேலைக்கு எடுக்கலாம், முதல் 30 நாள் சேராமல் இருக்கலாம். அதற்குரிய படிவத்தைத் தயாரிப்பு நிறுவனம் சங்கத்துக்கு அனுப்பினால் அவர் சேரும் தகுதி பெறுகிறார்.

வாசகத்தைக் கேட்டு வாங்குதல். மூன்றாம் முகத்துக்கு இதைத் தவிர வழியில்லை. ‘ரூல் அப்படித்தான் சார்’ என்று சாளரத்தில் பதில் வந்தால், எந்த விதி, எந்தப் பிரிவு, எந்த நாளிட்ட சுற்றறிக்கை என்று எழுத்தில் கேட்க வேண்டும். இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, தம் பணியில் பயன்படுத்தும் விதிகளையும் அறிவுறுத்தல்களையும் பொது அதிகார அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. 6ஆம் பிரிவின்படி, விண்ணப்பிப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அலுவலகங்கள் ஒருவரையொருவர் கைகாட்டினால், இரண்டிலும் எழுத்துப் பதில் வாங்கி அருகருகே வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்று விதியாக இருக்கும், மற்றது மேசையின் பழக்கமாக இருக்கும். பழக்கத்தின் பக்கம்தான் முதலில் தட்ட வேண்டும்.

வங்கிக் கணக்கு தொடங்க அடையாளச் சான்று, சான்று பெற வேறொரு சான்று என்று அலைபவர்களுக்காக இந்திய வங்கி விதிகளில் ‘சிறு கணக்கு’ என்றொரு ஏற்பாடு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் எதுவும் இல்லாதவர், தாமே ஒப்பமிட்ட புகைப்படத்துடன் வங்கி அலுவலர் முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கணக்குத் தொடங்கலாம். இருப்பு எப்போதும் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 இலட்சம், ஒரு மாதத்தில் எடுப்பது 10,000 ரூபாய் என்பவை மற்ற வரம்புகள். கணக்கு முதலில் 12 மாதம் நடக்கும். அந்தப் 12 மாதத்துக்குள் ஆவணம் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்கான சான்றைக் காட்டினால் போதும், இன்னும் 12 மாதம் நீட்டிக்கலாம். யொசேரியனுக்கு எதிராகத் திரும்பிய அதே விண்ணப்பம் இங்கே விண்ணப்பித்தவர் பக்கம் நிற்கிறது.